கடுகளவு வெள்ளைப் பூ

திருத்தங்கல்
20.6.2025

அன்பு மகள் அப்சானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். லக்னோ வெயில் எப்படி இருக்கிறது?

நீ கையால் வரைந்து அனுப்பிய 'நம் மண்ணின் காடுகள்' படத்தின் ப்ரூஃபை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். போனில் பார்த்தால் கலர் தெரியாது, தாளில் பார். படத்தை அடிக்கச் சொன்ன விருதுநகர் அறக்கட்டளைக்காரர்கள் முந்நூறு பள்ளிக்கும் கொடுக்கப் போகிறார்களாம். கீழே உன் பெயர் போட்டிருக்கிறது. அம்மா ஒரு தாளை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தாள்.

ஒரு சின்ன மாற்றம். பன்னிரண்டு கோடி வருசத்துக்கு முந்தைய காடு என்று நீ வரைந்த முதல் கட்டம் முழுக்கப் பச்சை. நம் அச்சகத்தில் படம் திருத்தும் நாகையா பார்த்துவிட்டு, "கீரைப் பாத்தி கணக்கா இருக்கே மொதலாளி, யாரு பாப்பாக?" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. காலண்டருக்கு வைத்திருக்கும் செம்பருத்தி, ரோஜாப் படங்களை எடுத்து அதில் சேர்க்கச் சொன்னேன். இப்போது எடுப்பாக இருக்கிறது.

துஆவுடன்,
ஜெகபர் அலி

லக்னோ
27.6.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தாளைப் பிரித்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை.

அந்தக் காலத்தில் அங்கே பூ கிடையாது அத்தா. சிவகங்கைப் பக்கத்துப் பாறைகளில் பதிந்திருப்பதெல்லாம் பெரணி, ஊசியிலை மரம், பனை போலத் தலைவிரித்த செடிகள். பூக்கிற மரங்கள் பிறகுதான் பரவின. அவை மழைக்காடாக ஓங்கியது இரண்டாம் கட்டம். மழை குறைந்து புல்லும் முள்ளும் வந்தது மூன்றாவது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட சீமைக் கருவேலம் நாலாவது. வெறும் பச்சையாக இருந்த காட்டில் பூ வருவதுதான் படத்தின் கதையே. அதற்காக இரண்டாம் கட்டத்தின் ஓரத்தில், கடுகளவு, ஒரே ஒரு வெள்ளைப் பூ வரைந்திருந்தேன். முதல் கட்டத்திலேயே நீங்கள் ரோஜாத் தோட்டம் போட்டுவிட்டால் அதை எந்தப் பிள்ளை தேடும்?

ஆறு வருடமாக இதைத்தான் படிக்கிறேன். என்ன படிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டிருப்பீர்களா? என் பெயரில் வரும் முதல் வேலை இது. பூவை எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அப்சானா

திருத்தங்கல்
4.7.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அச்சுக்குப் பிளேட் போட்டாகிவிட்டது. மெஷினெல்லாம் காலண்டர் வேலைக்கே ஓடுகிறது; ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடாவிட்டால் சீசன் ஆர்டரெல்லாம் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும், உனக்குத் தெரியாததா. பூவை எடுப்பதென்றால் நாலு கலர் பிளேட்டையும் மாற்ற வேண்டும். உன் பெயர் கருப்பு பிளேட்டில் மட்டும்தான் இருந்தது. அதனால் நீ சொன்னபடியே பெயரை எடுத்துவிட்டேன். அரை மணி நேர வேலை. நேற்று லோடு விருதுநகருக்குப் போய்விட்டது. உனக்கும் நாலு தாள் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் சொல்லைத் தட்டவில்லை, இனி நிம்மதியாக இரு. அம்மாதான் "எம்புள்ள பேரு எங்கங்க?" என்று சத்தம் போடுகிறாள். ஆல்பம் வெளியீட்டுக்கு வா. எந்த ரயில் என்று எழுது.

துஆவுடன்,
அத்தா

திருத்தங்கல்
10.8.2025

அன்பு மகள் அப்சானாவுக்கு,

நீ வரவில்லை. போன பார்சலும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது.

மெஷின் ஓய்ந்த பிறகு நேற்று லென்ஸை வைத்துக்கொண்டு உன் வெள்ளைப் பூவைத் தேடினேன். ப்ரூஃபில் இருக்கிறது. பள்ளிகளுக்குப் போன தாளில் இல்லை. நாகையாவைக் கேட்டால், "பிளேட்டு போடுறதுக்கு முன்ன தூசிப் புள்ளியெல்லாம் அடைப்போம்ல மொதலாளி, அதுவும் தூசின்னு நெனச்சு பச்சைய வச்சு அடைச்சுட்டேன்" என்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. வெள்ளைப் புள்ளியோடு ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று அவனுக்குப் பழக்கியதே நான்தான்.

அறக்கட்டளைக்காரர்களிடம் தாள்களைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். "அருமையா வந்திருக்கு பாய், எதுக்கு மாத்தணும்?" என்கிறார்கள். முந்நூறு பள்ளியிலும் அதுதான் தொங்குகிறது. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

இன்று நாலு பிளேட்டையும் புதிதாகப் போட்டோம். ரோஜா இல்லை. உன் பூ இருக்கிறது, உன் பெயரும் இருக்கிறது. பத்துத் தாள் அடித்து இதோடு அனுப்புகிறேன். இதையாவது பிரித்துப் பார்.

எல்லாம் மாற்றி முடிக்க ஒரு மத்தியானம்தான் ஆனதம்மா.

அத்தா