மேசைமேல் வைத்த கைக்கடிகாரம்

அன்பு மகளுக்கு,

என் போன் அப்பாவிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்கா இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

நீ வரைந்த காமிக்ஸ் சினிமாவாகிவிட்டது என்று கூலாய் ஊர் முழுக்கச் சொன்னவர் அப்பாதான். இன்று மதியம் அக்காவையும் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். உன் வீராங்கனை பறந்தபோது கை தட்டினார். அப்புறம் வில்லன் வந்தான். மனைவியை அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்தான். அப்பா அசையவில்லை. அக்கா இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாட்களில் நீ தூங்குகிறாய் என்றே நினைத்திருந்தேன், மகளே.

வீட்டுக்கு வந்ததும், "அது நானா? சொல்லு லா," என்றார்.

எப்போதும்போல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க," என்றேன்.

அவர் கை கடிகாரத்துக்குப் போனது. நான் செருப்புகூடப் போடாமல் அக்கா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இப்போது நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதே.

அக்கா போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் கேட்டால் பேச்சு வருமா என்று பயமாக இருக்கிறது. வராவிட்டால், நீ வரைந்ததைக் காட்டிவிடுகிறேன்.

உன் அம்மா