கோச்சிப் பாட்டில் மூச்சு வாங்கியது யார்?

என்னாங்க,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது மட்டும் எப்படிக் கூப்பிடுவது? நான் "என்னாங்க" என்றால் கீபோர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" என்பீர்கள். அந்த "ம்" கேட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நல்ல செய்தி முதலில். சண்டை அதற்குப் பிறகு.

நம் தர்ஷினிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை நானுஓயாப் பக்கம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஹட்டனில் மண்டபம் பிடித்திருக்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே, "கோச்சிப் பாட்டு போடுவீங்கதானே சம்மந்தி?" என்று கேட்டார்கள். நீங்கள் போட்ட அந்த ரயில் பாட்டு இல்லாமல் உங்கள் மகள் கல்யாணமா? நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

பாட்டு இப்போது எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நல்லதண்ணியில் மலையேறுகிற சீசன் கடைகளில் கேட்கிறது, பஸ்ஸில் கேட்கிறது, நீங்கள் அதைப் போட்டபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அதற்கு ஆடுகின்றன. "ஏறிப் போகுது கோச்சி, என்ன விட்டுட்டுப் போகுது கோச்சி." ஒரு கீபோர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலேயே டிரம், அதிலேயே பேஸ், அதிலேயே ரயில் சத்தம். ஹட்டனில் தையல் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில், ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டிவிட்டுப் பதிவு செய்தோம் என்று நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "கோச்சியில வரும்போது தானா வந்துச்சு" என்பீர்கள். கேட்டவர்கள் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன்.

இனிமேல் சண்டை.

கொழும்பிலிருந்து ஷர்மி என்று ஒரு பெண் பேசினாள். நம் ஆள்தான், அவள் அம்மா தலவாக்கலை. பழைய பாட்டுகளைப் புதுசாக்கி வெளியிடுகிறவள், உங்கள் பாட்டையும் எடுத்திருக்கிறாள். "அன்ட்டி, பாட்டு ஆரம்பத்துல ஒரு முனகல் வருதே, அது யாரு? அவங்க பேரையும் போடணும்" என்றாள்.

"அது கீபோர்ட்டும்மா. அதுல குரல் பட்டன் இருக்கு." நம் கல்யாணமான புதிதில் நான் இதே கேள்வியைக் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "இல்ல அன்ட்டி. கம்ப்யூட்டர்ல மியூசிக்கத் தனியா, குரலத் தனியா பிரிச்சுட்டேன். அனுப்புறேன், கேளுங்க. மூச்சு வாங்குறது கேக்குது. பட்டன் மூச்சு வாங்குமா?"

அனுப்பினாள். கேட்டேன். பெண்தான். முனகுகிறாள், நடுவில் மூச்சை இழுக்கிறாள், மறுபடி முனகுகிறாள். அட பாவி மனுஷா! இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு, ஒரு பெண்பிள்ளையின் மூச்சைப் பட்டன் என்று சொல்லி என்னை ஏமாற்றியிருக்கிறீர்களே!

'சந்தேகப் பிராணி' என்று எனக்குப் பேர் வைத்தவர் நீங்கள்தானே. பிராணி கிளம்பிவிட்டது. முதலில் ஞாபகத்துக்கு வந்தது உங்கள் பார்வை. எந்த மண்டபமானாலும் இந்தப் பாட்டு வாசிக்கிறபோது மட்டும் நீங்கள் விரலைப் பார்க்கமாட்டீர்கள், என்னையும் பார்க்கமாட்டீர்கள், வாசல் கதவையே பார்ப்பீர்கள். யாரைத் தேடுகிறார் என்று நானும் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தியும் வந்ததில்லை. வராதவளைத்தான் தேடினீர்கள் என்று இப்போது தோன்றியது.

நேராக ஹட்டனுக்கு, உங்கள் பாட்டுக் குழுவில் பாடிய வசந்தாவிடம் போனேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது, இருந்தாலும் விடுவேனா? ஃபோனை அவள் காதில் வைத்து, "இது நீதானே?" என்றேன்.

"ஐயோ அக்கா, சத்தியமா நான் இல்ல! நானே கேட்டிருக்கேன். அண்ணன் வாயத் தொறக்கல. அது ஸ்டூடியோவுல எடுத்ததே இல்லக்கா. கேசட்டுல கொண்டுவந்தாரு." இன்னொரு தடவை காதில் வைத்தவள், "இது என்னாக்கா, பட்டு பட்டுன்னு ஏதோ வெடிக்குது?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் கேட்டது. அது அடுப்புச் சத்தம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் கிடைக்கிற மிலாறுக் குச்சி இருக்கிறதே, அது எரிகிறபோது வெடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? கம்பளி கட்டின ஸ்டூடியோவில் மிலாறு எப்படி எரியும்? வட்டகொடைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு அடுப்பங்கரைதான் அது. உங்கள் அம்மா கண்ணை மூடியதிலிருந்து நான் கல்யாணமாகி வரும்வரை அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த பெண் ஒரே ஒருத்திதான்.

உங்கள் அக்கா. பாக்கியம் மதினி.

கல்யாணமே வேண்டாம் என்று நம்மோடு இருந்து, நம் பிள்ளைகளை மார்பில் போட்டு வளர்த்தவர். கோச்சிப் பாட்டு போட்டால் மட்டும் எந்தக் கல்யாண வீட்டிலும் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால், "சத்தம் ஒத்துக்கல" என்பார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பியபோது மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் அந்த முனகலைப் போட்டேன். கீரை அப்படியே கையில் நின்றது.

"நிப்பாட்டு."

"ஏன் மதினி?"

"நிப்பாட்டு புள்ள. சொல்றேன்."

அவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். எனக்குத்தானே நீங்கள் சொல்லவில்லை! தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், பரிசம் போட்டிருந்த அத்தை மகனுக்குக் குடும்பத்தோடு போகச் சீட்டு வந்ததும், மதினியின் பேர் அதில் இல்லாததும், வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது மதினி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்ததும். உங்கள் அம்மா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாராமே. "உசுரோட போறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியே பாவி!" என்றாராமே. சின்னப் பையனாக நீங்களும் அங்கே நின்றீர்களாம்.

"அதுக்கப்பறம் அவரப் பத்தி ஒரு சேதியும் வரல," என்றார் மதினி. "என் வாய்தான் முழுங்கிருச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கும் அதான் நெனக்கிறேன்."

"பாட்டு எப்புடி மதினி?"

"தம்பி கேசட்டு பொட்டியத் தூக்கிக்கிட்டு அடுப்பாங்கரைக்கு வந்தான். அந்த ஒப்பாரிய வார்த்தையில்லாம ஒரு தடவ மொனகுக்கான்னான். மாட்டேன்னேன். காலப் புடிச்சான். 'கல்யாண வீட்டுல எல்லாம் ஆடுற மாதிரி ஆக்கிக் காட்டுறேன்க்கா. ஊரே ஆடிருச்சுன்னா அப்பறம் அது ஒப்பாரியா இருக்காது. ஒன் வாய்க்குத்தம் கழிஞ்சிரும்'னான்."

"கழிஞ்சுச்சா?"

"எனக்கு எப்புடித் தெரியும்? அதான் பொண்ணு மாப்பிள்ள இருக்கிற எடத்துல நான் நிக்கிறதில்ல. அந்தக் கொரலும் நானும் ஒரே கூரைக்குக் கீழ வேணாம்."

கேட்டுவிட்டு நான் நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் பயம் வந்தது. என் மகள் தாலி கட்டிக்கொள்ளும் மண்டபத்தில் ஒப்பாரியா? பாட்டு வேண்டாம் என்று குழுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். தர்ஷினி குதித்தாள். "அப்பா பாட்டு இல்லாட்டி எனக்கு மண்டபமே வேணாம்மா!" காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வேன்? நம் கல்யாணத்திலும் இதே பாட்டைத்தானே வாசித்தார்கள், அதனால்தான் நீங்கள் இவ்வளவு சீக்கிரம் போனீர்களோ என்றுகூட ஒரு கெட்ட நினைப்பு வந்தது. டாக்டரோ, நீங்கள் குடித்த பீடிதான் காரணம் என்றார். எனக்கு டாக்டர்மேலும் சந்தேகம்தான்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அக்காவின் பாரத்தை இறக்கத்தான் அந்தப் பாட்டைப் போட்டீர்களா? இல்லை, பாட்டுக்கு நல்ல ஆரம்பம் கிடைக்காமல் அடுப்பங்கரைக்குப் போய், காலைப் பிடித்து, வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொன்னீர்களா? உங்களைத் தெரியும் எனக்கு. ஒரு மெட்டுக்காக எதுவும் சொல்வீர்கள். ஊர் கேட்டபோது "தானா வந்துச்சு" என்றவர்தானே நீங்கள்? அக்கா பேரை எங்கேயாவது சொன்னீர்களா?

ஆனால் அந்தக் கதவைப் பார்த்தீர்களே. அதை யோசித்தால்தான் என் சண்டை பாதியில் நின்றுபோகிறது. நீங்கள் எந்தப் பெண்ணையும் தேடவில்லை. வெளியே போன அக்கா இன்றைக்காவது உள்ளே வருகிறாரா என்று பார்த்திருக்கிறீர்கள், ஒவ்வொரு கல்யாணத்திலும். அவர் வரவே இல்லை. அக்காவின் பாரம் இறங்கவில்லை என்று தெரிந்துதான் செத்துப்போனீர்களா?

கடைசியில், பாட்டைப் போடட்டும் என்று குழுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். நம் லயத்திலேயே அந்தப் பாட்டுக்கு ஆடிக் கல்யாணம் செய்தவர்கள் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள், நம் மகள் மட்டும் என்ன குறைந்துபோய்விட்டாள்? ஷர்மியிடம், கல்யாணம் முடியட்டும், பேரைப் போடலாமா என்று மதினியே சொல்வார் என்றேன். மதினியிடம், "முன்வரிசையில ஒங்களுக்குத்தான் நாற்காலி" என்றேன். "பாப்போம்" என்றார். அந்தப் "பாப்போம்" எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் மேடையில் இருக்கமாட்டேன். பெண்ணைப் பெற்றவள் வாசலில் என்ன செய்கிறாள் என்று ஊர் பேசினால் பேசட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்த அந்தக் கதவைச் சாத்தி, அதற்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்காருவேன். மதினி எழுந்து வந்தால் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைப்பேன். கடைசிக் கோச்சிச் சத்தம் ஓய்கிறவரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் முழுசாக நம்பாத,
உங்கள் அக்காவின் தம்பி பெண்டாட்டி