இடது பக்கம் இழுத்த வண்டி

என் அன்பான ஏங்க,

பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டு வருஷமும் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன், நீங்களும் திரும்பிப் பார்த்தீர்கள். இப்போது மட்டும் என்ன புதுசாக?

விழுப்புரத்தில் இருக்கிறேன். ஸ்பிரிங் பட்டறை வாசலில், நம் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்பக்கம் ஜாக்கியில் நிற்பதால் காகிதம் சரிந்துகொண்டே போகிறது. மறுபடியும் சத்தம்தான். இந்தத் தடவை வலது பக்கம். அலுத்துவிட்டதுங்க.

இதை வேறு யாராவது படித்தால் தெரியட்டும்: நமக்கு வண்டிதான் வீடு. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து ஆம்புலன்சை எடுத்து, உள்ளே இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூக்குக்கண்ணாடி அடுக்க ஒரு அலமாரி வைத்தீர்கள். சந்தை கூடுகிற ஊராகப் போய்க் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்தோம். காணை, கோலியனூர், ஒலக்கூர், திண்டிவனம். பிள்ளை இல்லாத வீடு, நின்ற இடத்தில் சோறு பொங்கியது.

நாம் சேர்ந்திருந்த கடைசி வருஷம், வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம் ஆரம்பித்தது. கிளம்பும்போது ஒரு 'டொக்'. பிரேக் பிடித்தால் ஒரு 'டொக்'. பள்ளத்தில் இறங்கினால் 'கிறீச்'. என் பாத்திரம்தான் உருளுகிறது என்றீர்கள். கோலியனூர் ரோட்டோரம் அடுப்பு, பாத்திரம், பெட்டி எல்லாவற்றையும் இறக்கி என்னைக் காவல் வைத்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், பாத்திரம் தப்பித்தது.

வண்டியின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை தொங்கும் ஆணிகளைக் கழற்றிக் கிரீஸ் போட்டீர்கள். கிறீச் நின்றது, டொக் நிற்கவில்லை. "சரோஜா, இது ஒரு சத்தம் இல்ல. ரெண்டு ஒண்ணா குடித்தனம் பண்ணிக்கினு இருந்திருக்குது" என்று சந்தோஷப்பட்டீர்கள். பாதி நோய் பிடிபட்ட சந்தோஷம். திண்டிவனத்து மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்காமல், "பாடி பழசுங்க, அப்படித்தான் கத்தும்" என்றார். கண்ணாடி போட வருகிற கிழவர்களிடம் நீங்கள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஓட்டுகிற ஆளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் ஒருநாள், "நீ ஓட்டு, நான் பின்னாடி தொங்கிக்கினு பாக்கறேன்" என்றீர்கள். வற்றிக் கிடந்த ஒலக்கூர் ஏரிக்குள் வண்டியை இறக்கி, கிளட்சு எது, பிரேக்கு எது என்று காட்டிவிட்டு, பின்படியில் ஏறித் தலையைக் கவிழ்த்துக்கொண்டீர்கள். காணையிலிருந்த உங்கள் அக்காவுக்குச் சேதி போனதும் நேரே வந்து நின்றார்கள். "பொம்பள லாரி ஓட்டிக்கினு போனா ஊரு இன்னாடா பேசும்?" நீங்கள் சொன்னீர்கள்: "ஊரு பேசறது இருக்கட்டும்க்கா, எனக்கு இந்த டொக்கு கேக்கணும்."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, சொல்லவில்லை. நான் நேராகப் பிடித்தாலும் வண்டி இடது பக்கமே இழுத்தது. என் கைதான் சரியில்லை, சொன்னால் ஓட்டவே விடமாட்டீர்கள் என்று பயம். ஓட்டுவது எனக்குப் பிடித்துப் போயிருந்ததுங்க. மூன்று வாரம் ஒளித்தேன். பிறகு ஏரிக்குள் வண்டல் அள்ள வந்த ஒரு மாட்டுவண்டியை உரசப் போனோம். பின்னாலிருந்து குதித்து ஓடிவந்து கத்தினீர்கள். நான் அழுதேவிட்டேன்.

"நான் நேராத்தான் புடிச்சிருக்கேன். அதுவா இடது பக்கம் போவுதுங்க!"

நீங்கள் திட்டவில்லை. என்னை நகரச் சொல்லி ஏறி, கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தீர்கள். வண்டி மெல்ல இடது பக்கம் திரும்பியது. வண்டியை நிறுத்திவிட்டு, "எனக்குத் தெரியவே இல்லையே. என் கை அதுவா வலது பக்கம் புடிச்சிப் பழகிப்போயிருக்குது" என்றீர்கள்.

கயிறு எடுத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அளந்தோம். இடது பக்கம் இரண்டு விரல் குறைந்தது. பின் அச்சே நகர்ந்திருந்தது. ஜாக்கி வைத்து, கட்டை முட்டுக் கொடுத்து, இரண்டு நாள் வெயிலில் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து கழற்றினீர்கள். ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோத்திருந்த நடு போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. பிடிப்பில்லாத அச்சு நழுவி இடித்ததுதான் அந்த டொக். மேல் பட்டையிலும் கீறல். இதே பட்டறையில்தான் புதுப்பட்டை அடித்துப் போட்டோம். அப்புறம் டொக் இல்லை. இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டிச் சிரித்தீர்கள்.

நாலு மாசம் கழித்து, ஒலக்கூரில், உச்சி வெயிலில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. காலையில் தின்ற வேர்க்கடலைமேல் பழியைப் போட்டு, "மல்லாட்டை தின்னது, வாயு" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில், "நீயே ஓட்டு" என்று போய்க் கட்டிலில் படுத்தீர்கள். அதுவரை ஏரியைத் தாண்டிப் பெரிய ரோட்டில் நான் ஓட்டினதே இல்லை. பின்னாலிருந்து உங்கள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"சத்தம் எதுனா வருதா?"

"இல்லீங்க."

"பயந்துக்கினு ஜல்தியா போவாதே. நேரா போ."

நேராகத்தான் போனேன். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் உயிரோடு சேர்த்தேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். வண்டிக்கடியில் கிடந்த நாளிலிருந்தே நெஞ்சு வலி இருந்ததாமே? டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள்; அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு டொக்குக்காக வண்டி பூராவும் கழற்றிய மனுஷன், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? மூன்று வாரம் நான் ஒளித்ததற்கு, நாலு மாசம் நீங்கள் ஒளித்தீர்களா? ஐந்து வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துவிட்டேன். கோபம்கூடச் சோர்ந்துவிட்டது.

உங்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். லைசென்ஸ் வாங்கிவிட்டேன். கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறேன். உங்கள் அளவுக்குப் பொறுமை வரவில்லை. கருமாதி முடிந்து ஊரெல்லாம் கலைந்த பிறகு, உங்கள் அக்கா ஒரு தகரப்பெட்டியோடு வண்டியில் ஏறினார்கள். அண்ணியும் தனி ஆள்தானே. "தனியா எங்கடி போவே?" என்றார்கள், அவ்வளவுதான். போன வாரம் சத்தம் வந்தபோது, நான் ஓட்ட, அண்ணி பின்னால் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தார்கள். "அடியே, வலது பக்கம்டி! நீ பிரேக்கு புடிச்சா முனகுது!" பட்டறைக்காரர் கழற்றிப் பார்த்தார். அண்ணி சொன்ன இடத்திலேயே பட்டை விண்டிருந்தது. நாளைக்குப் புதுப்பட்டை ஏறும்.

இன்னொன்று. பொங்கலிலிருந்து என் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் தோள் வரைக்கும் வலி ஏறுகிறது. காலையில் நான் இடது கையால் சோற்றுப்பானை இறக்கியதை அண்ணி பார்த்துவிட்டு, "கைக்கு இன்னாடி?" என்றார்கள். "ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது.

பட்டறைக்கு டீ வாங்கிக்கொண்டு அண்ணி அதோ வருகிறார்கள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டப் போகிறேன். நாளைக்குப் பட்டை ஏறினாலும் வண்டி எடுக்க மாட்டேன். கை ஆறுகிற வரைக்கும் சந்தை இல்லை. வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்ங்க.

இப்படிக்கு,
உங்கள் அக்காவோடு ஒரே வண்டியில் குடியிருக்கும்,
உங்கள் மனைவி சரோஜா