கட்டிலோரம் உட்காருகிற வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் கட்டைப் பிரித்துவிட்டார்களா? சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாயா? எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை.

திட்டாமல் படி. உன் ஆபரேஷனுக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். மூன்று நாள் கிடைத்தது. "பரவால்லடா, வேலைதான் முக்கியம்" என்று நீ சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. அதே வாரம் ஒரு சீரியலில் கூட்டத்தோடு நிற்க முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

ஆஸ்பத்திரிக் காட்சி. கதாநாயகிக்குப் பின்னால் ஒரு கட்டில், அதில் ஒரு அம்மாள், பக்கத்தில் மகனாக நான். எங்கள் சத்தம் கேட்கக் கூடாது; பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைக்க வேண்டும். இரண்டு முறை ஒழுங்காக அசைத்தேன். மூன்றாம் முறை அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தார். "வலிக்குதாம்மா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"யாருய்யா அது? வாயை மட்டும் அசைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!" என்று உதவி இயக்குநர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நீ பார்க்கிற சீரியல்தான், அடுத்த மாதம் வரும். என் முதுகு மட்டும் தெரியும். நீ அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் நானே முந்திக்கொண்டேன். அக்காவிடம் சொல்லாதே, ஆஸ்பத்திரியில் தனியாக அல்லாடியவள் அவள்.

பீரோவில் இருக்கும் என் பழுப்புச் சட்டையை அனுப்பு. நடிக்கப் போனால் உடுத்துகிற துணியை நாங்களேதான் கொண்டுபோக வேண்டும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன்: வலிக்குதாம்மா?

உன் மகன்