உறைக்குள் இருந்த கத்தி

நேற்று மழையில் நனைந்த செருப்பை வெயிலில் காய வைத்தேன். ஊறிய தோலின் வாசம் எழுந்ததும் நீ வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாய். செத்து ஒரு வருஷம் ஆகியும் என்னை நிம்மதியாகச் செருப்புக்கூடக் காய வைக்க விடமாட்டாய் போலிருக்கிறது.

கல்வராயன் மலைக்காரர்களுக்குக் கத்தி உறை செய்தோமே, நாம் இருவரும். வெட்டுவதும் தைப்பதும் நீ. தோலில் மயில் உருவம் குத்துவதும், சிவப்புத் தோல்வாரைப் பின்னி ஓரம் கட்டுவதும், பித்தளைக் குமிழ் அடிப்பதும் நான். கத்தியைத் தோலின்மேல் வைத்துக் கரியால் கோடு போட்டுக்கொண்டு, உடனே ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதே அளவுக்கு மரத்தில் ஒரு கத்தி செதுக்கி, ஈர உறைக்குள் செருகிக் காய விடுவோம். இல்லாவிட்டால் தோல் சுருங்கிவிடும்.

நிஜக் கத்தி பட்டறையில் தங்கக் கூடாது என்பதில் நீ கறார். "கத்தி அவங்க இடுப்புல இருக்கணும், நம்ம வூட்ல இருக்கக் கூடாது. எங்கனா வெட்டுக்குத்துனா போலீசு மொதல்ல நம்ம தெருவுக்குத்தான் வரும்" என்பாய்.

ஒரு வருஷம் இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல். மலைத் திருவிழாவுக்குக் கேட்ட உறைகளை மூட்டை கட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பஸ் ஏறினோம். பாதி வழியில் முன்னால் ஒரு புளியமரத்தைச் சாய்த்திருந்தார்கள். பஸ்ஸைத் திருப்புவதற்குள் பின்னாலும் ஒன்று விழுந்தது. முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல், வெயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மட்டும் வேர்வை வேறு காரணத்துக்காக வழிந்தது.

போலீஸ்காரர்கள் ஏறிச் சோதித்தார்கள். "இன்னாய்யா இத்தினி உறை? கத்தியெல்லாம் எங்க?" என்று ஒருவர் ஒவ்வொன்றாக உருவினார். மரக்கத்தி, மரக்கத்தி, மறுபடி மரக்கத்தி. பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அடியில் கிடந்த வளைந்த உறையை உருவியபோது வெயிலில் இரும்பு மின்னியது.

அந்த வளைவுக்கு மரம் செதுக்கும்போது எனக்கு இரண்டு முறை பிளந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் அந்த ஆளிடம் கத்தியையே கேட்டு வாங்கி உள்ளே செருகி, மலைமேல் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

"யாருதுய்யா இது?"

நீ என்னைப் பார்த்தாய். கண் இமைக்கும் நேரம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னுதுங்க. அவரு சும்மா தொணைக்கு வந்தாருங்க" என்றாய்.

உன்னைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது உன்னால் இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. கடைசிவரைக்கும்தான். நீ எதுவும் கேட்கவில்லை. அதே பட்டறையில், அதே பலகையில், அருகருகே உட்கார்ந்து இன்னும் பல வருஷம் வேலை செய்தோம். நீ கையைத் தூக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பாய், நான் குமிழைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். எழுந்து ஓடவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. அந்த பஸ் அங்கேயேதான் நின்றது எனக்கு.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்கண்ணே? பட்டறைல இருந்ததே ரெண்டு பேரு. அவரு வெக்கலைன்னா வேற யாரு வெச்சிருப்பாங்க? ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்க சாப்பிட வருவீங்க இல்ல, 'இன்னிக்குச் சொல்லுவான் பாரு'ன்னு எங்கிட்ட சொல்லிக்கினே இருப்பாரு."

ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தேன். நீயே இலை போட்டாய். சாப்பிட்டேன், நன்றாயிருக்கிறது என்றேன், எழுந்து கை கழுவிக்கொண்டு போனேன்.