தள்ளி வைத்த பொத்தான்

என் வீட்டுப் பேராசிரியைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். குழந்தைக்கு எண்ணிக்கை புரிகிறதா என்று பார்க்க நீ சொன்ன பொத்தான் சோதனையை முதலில் எனக்கே வைத்துப் பார்த்தேன். நெருக்கி ஐந்து, தள்ளித் தள்ளி ஐந்து என்று இரண்டு வரிசை. நீள வரிசையில்தான் அதிகம் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். தினமும் பொத்தான் தைக்கிறவன் லட்சணம் இது. உன் மாணவர்களிடம் சொல்லி மானத்தை வாங்காதே.

நம் வாலுப் பெண்ணும் அதையே சொன்னாள். அப்பன் புத்தி.

ஆராய்ச்சிக்காக இன்னொரு வருஷம் அங்கே இருந்தால் பிள்ளை உன்னை மறந்துவிடுமா என்று கேட்டிருந்தாயே. "இது நீ, இது நான், இது அம்மா" என்று அவள் முன்னால் மூன்று பொத்தானை வைத்து, உன்னை மட்டும் மேசைக் கோடிக்குத் தள்ளினேன்.

"இப்ப நம்ம வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேருதான். அம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்காங்க. இதுகூடத் தெரியாதாப்பா?"

அதனால் இருந்து வேலையை முடித்துவிட்டே வா. எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன். இரண்டு பேருக்கு அளவாகச் சமைக்கத்தான் இன்னும் கை பழகவில்லை. தினமும் மிஞ்சுகிறது.

உன் ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. முழுக்க என் மூக்குதான் பதிவாகியிருக்கிறது.

உன் தையல்காரன்