ஹியரும் லிசினும்

இன்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்காக என் மகனின் தொடையில் தாதி ஸ்பிரிட் தடவியபோது, அந்த வாசனையில் உமது நினைவு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை முறை மாறும்போது ஹெட்செட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் என்னிடம் தருவீர்.

அங்கே நமக்குள் ஓயாத வாக்குவாதம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் ஹியர், லிசின் இரண்டும் வினைச்சொற்கள். தமிழில் இரண்டுக்கும் கேட்டல்தான். ஹியர் என்றால் தானாகக் காதில் விழுவது. செயப்படுபொருளை நேரே ஏற்கும். லிசின் நாமாகச் செவி கொடுப்பது. நடுவில் 'டு' வேண்டும். கல்லூரியில் படித்ததை இப்படி நான் ஒப்புவித்தால், "எங்கட வேலையில அது சட்டமப்பா" என்பீர். லைன் சரியா என்று பார்க்க ஹியர் பண்ணலாம். பிறர் கதைப்பதை லிசின் பண்ணினால் வேலைக்கே ஆபத்து.

ஒரு மழை நாள், கட்டைபறிச்சான்காரர் ஒருவர் குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூர்த் தபால் கந்தோரிலிருந்து தன் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி இங்குள்ள டொக்டரிடம் பேசினார். நடுவில், எக்ஸ்சேஞ்சில் இருந்த உமக்கு இருவர் குரலும் கேட்டது. ஆனால் அவர்களில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. மேலதிகாரி உமக்குப் பின்னால் நின்றார். முறை மாற வந்திருந்த நான் லைனை விடும்படி கண்காட்டினேன். நீர் நிதானமாகச் சொன்னீர்:

"ஐயா, பிள்ளையை இண்டைக்கே லாஞ்சில கொண்டு வரட்டாம். தண்ணி பருக்கிக்கொண்டு வாங்கோ."

லிசின் பண்ணினீரோ என்று அதிகாரி கேட்டார். "ஓம் சேர்" என்றீர். மறுநாள் உம்மைத் தூர அழைப்புகளிலிருந்து மாற்றி உள்ளூர் லைனில் போட்டார்கள். அந்தப் பிள்ளை என்னவாயிற்று என்று நமக்குத் தெரியவில்லை. சில வருடங்களில் செங்கண்மாரி நோய் வந்து நீர் போய்விட்டீர். என் மகனை நீர் காணவில்லை.

இன்றைய ஊசி டொக்டர் முதலில் எழுதியது அல்ல. மூன்று நாள் இருமல் என்று நான் தொடங்கியதுமே நெஞ்சில் மட்டும் குழாயை வைத்துப் பார்த்து, குடிக்கும் பாணி மருந்து எழுதி, முதல் பிள்ளைக்கு எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்றார். எனக்குப் பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை.

"முதுகிலயும் ஒருக்கா வச்சுக் கேளுங்கோ, டொக்டர்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் குழாயை வைத்து, சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். வலப்பக்க நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, வார்டில் தங்கி நிற்கவேண்டும் என்றார்.

இப்போது பிள்ளை பக்கத்தில் தூங்குகிறான். மூச்சு இன்னும் கரகரக்கிறது. காய்ச்சல் சற்று இறங்கியிருக்கிறது. முணுமுணுத்தவர்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று, பேசி முடியும்வரை, நீரும் திரும்பவில்லை.